வில்லையும் விலையும்

மாலை வேளையிற் குருக்கள்மடத்து வாவிக்கரையில் நிற்பவர்களுக்கு, நீர்ப்பரப்புக்கு அப்பாற் படுவான்கரையின் மர வரிசையும் அதன் பின்னே இறங்குகின்ற சூரியனும் தெளிவாகத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பங்குனி வெயில் தணிந்த ஒரு பொழுதில், என் பெரியம்மா அக்கரையை நோக்கியவாறு, “இண்டைக்கு என்ன மகன், வாவியில இவ்வளவு பனி?” என்று கேட்டார். வாவியிற் பனி இருக்கவில்லை. பனி அவருடைய கண்களில் இருந்தது.

பெரியம்மா பன்பாய் இழைப்பவர். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கைகள் இழைத்த பாய்களில் எங்கள் ஊரிற் பலர் பிறந்தும் படுத்தும் மடிந்தும் இருக்கின்றனர். அவரை நகரத்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். இரு கண்களிலும் புரை முற்றியிருக்கிறது, சத்திர சிகிச்சை செய்து செயற்கை வில்லை பொருத்த வேண்டும் என்றார்கள். பின்னர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள். அதில் வில்லைகளின் பெயர்களும் அவற்றுக்கு எதிரே விலைகளும் இருந்தன. தூரத்துக்கு மாத்திரம் உதவும் ஒருகுவிய வில்லை ஒரு விலை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உதவும் பல்குவிய வில்லை இன்னொரு விலை. இரண்டாவது விலை எனது ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டது. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கையிற் பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதால பாய் இழைக்க ஏலுமா?”

அந்த அறையில் அக்கேள்விக்கு எவரும் நேராக விடை சொல்லவில்லை. விலையை விளக்குவதற்கு இருந்த நேரம் அதனை விளக்குவதற்கு இருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னர் அந்த விடையைத் தேடப் புகுந்தேன். தேடிச் சென்ற வழியில் ஒரு சிறிய வில்லையின் சரித்திரம் விரிந்தது. அது விஞ்ஞானத்தின் சரித்திரம் மாத்திரமன்று. விஞ்ஞானம் யாருக்கு உரியது என்னும் வழக்கின் சரித்திரமுமாகும்.

கண்ணின் கருமணிக்குப் பின்னே இயற்கை வைத்த வில்லையொன்று உண்டு. இளமையில் அது நெகிழ்ச்சியுடையது. கிட்டப் பார்க்கையில் தடித்தும் தூரப் பார்க்கையில் மெலிந்தும் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. நாற்பது வயதளவில் அந்நெகிழ்ச்சி குறைகின்றது. புத்தகத்தை எட்டப் பிடித்து வாசிக்கும் ஆசிரியரும், ஊசியிற் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் பாட்டியும் இம்மாற்றத்தின் சாட்சிகள். இன்னும் ஆண்டுகள் செல்ல, வில்லையிலுள்ள புரதங்கள் திரண்டு, அதன் தெளிவும் கெடுகின்றது. இதுவே கண்புரை. உலகிற் பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இன்றும் இதுதான். கண்புரையாற் பார்வை குன்றியோர் ஏறத்தாழ 9.4 கோடி என்றும், கிட்டப்பார்வைக்கு ஒரு கண்ணாடிதானும் இல்லாது இடர்ப்படுவோர் 82.6 கோடி என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்த இரண்டாவது தொகையை வாசகர் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அதற்கு வருவோம்.

புரையை வெல்ல மனிதன் செய்த முயற்சி மிகப் பழையது. மங்கிய வில்லையை ஊசியினாற் பார்வைப் பாதையிலிருந்து அப்பால் தள்ளிவிடும் முறை சுஸ்ருத சங்கிதையிற் கூறப்பட்டிருக்கின்றது. தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். சிலருக்கு ஒளி திரும்பிற்று. பலருக்குக் கண் அழன்று, இருந்த ஒளியும் போயிற்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். அங்கே இந்நோய்க்கு வழங்கிய பெயரின் பொருள் நீர்வீழ்ச்சி என்பது. கண்ணுக்குள் ஏதோ நீர் வழிந்து திரை போல உறைகின்றது என்று எண்ணினர். மங்குவது வில்லையே என்பதனைப் பிரான்சு தேசத்தவரான பிறிசோ 1705 ஆம் ஆண்டளவில் நிறுவினார். அந்நாட்டினரான ஜாக் தாவியேல், 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மங்கிய வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையை வகுத்தார். நோயின் இடத்தை அறிந்த பின்னரே நோயை நீக்கும் வழி பிறந்தது. அறிவு முந்தியது, கை பிந்தியது.

தமிழகமும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரியணையில் இருந்த இரண்டாம் சரபோசி, ஆட்சியதிகாரத்தைக் கும்பினியாரிடம் இழந்தபின் அறிவுத் துறைகளில் மனத்தைச் செலுத்தியவர். அவர் காலத்துக் கண்நோயாளர் சிலருடைய நோய்க்குறிப்புகள், அவர்தம் கண்களின் வண்ண ஓவியங்களுடன், சரசுவதி மகால் நூல்நிலையத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. மன்னர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்ட தஞ்சையின் சரித்திரத்தில், நோயுற்ற மனிதரின் கண்களும் இடம்பெற்றிருப்பது நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஆனால் வில்லையை எடுத்துவிட்டால் கண் முழுமை பெறுமா? பெறாது. வில்லையற்ற கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஒரு பெரும்பகுதி இல்லாமற் போகின்றது. அதனை ஈடுசெய்யத் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. போத்தலின் அடிப்பாகம் போன்ற அந்தக் கண்ணாடிகளை நம் முதியோர் பலர் அணிந்திருந்ததை நானும் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன். அவற்றின் ஊடாகப் பார்க்கையில் எல்லாம் காற்பங்குக்கு மேற் பெருத்துத் தோன்றும். படி இருக்கும் இடத்துக்கு முன்னரே கால் நீளும். பக்கத்திலிருந்து வருபவர் திடீரெனத் தோன்றித் திடீரென மறைவர். அந்தக் கண்ணாடி வயலிலே விழுந்து உடைந்தால், உடைந்த அன்றே மனிதர் மீண்டும் குருடர். சத்திர சிகிச்சையில் வெற்றியும் வாழ்க்கையில் தோல்வியும் என்பது இதுதான்.

இத்தோல்வியை மாற்றிய சிந்தனை ஒரு போரின் சிதைவிலிருந்து கிடைத்தது. 1940 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வானில் நடைபெற்ற சமரிற் காயமுற்ற விமானி ஒருவரின் கண்களில், விமானத்தின் மேற்கூட்டிலிருந்து உடைந்த பிளாத்திக்குத் துகள்கள் பாய்ந்திருந்தன. சாதாரணக் கண்ணாடித் துகளாயின் கண் அழன்று கெட்டிருக்கும். இத்துகள்களோ ஆண்டுக்கணக்காகக் கண்ணுக்குள் அமைதியாகக் கிடந்தன. இதனைக் கவனித்தவர் ஹரோல்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர். பின்னர் ஒரு நாள், அவர் புரை அகற்றுவதைப் பார்த்து நின்ற மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டார். கற்றோர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை மாணவன் கேட்டுவிடுகின்றான்! அந்தப் பிளாத்திக்கையே வில்லையாகக் கடைந்தால் என்ன என்று ரிட்லி எண்ணினார். 1949 நவம்பர் 29 ஆம் நாள், இலண்டன் புனித தோமையார் வைத்தியசாலையில், முதலாவது செயற்கை வில்லை மனிதக் கண்ணொன்றினுட் பொருத்தப்பட்டது. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை தொடங்கி அப்போது ஓர் ஆண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. பணக்காரரின் தனி மாளிகையிலன்றி, மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய பொது வைத்தியசாலையிலேயே இந்த வில்லை பிறந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

ரிட்லி தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அவருக்குக் கிடைத்த பரிசு எதிர்ப்புத்தான். கண்ணுள் அந்நியப் பொருளை வைப்பது வைத்திய தருமத்துக்கு மாறானது என்று அத்துறையின் பெரியோர் முகந்திருப்பினர். எதிர்ப்பு முழுவதும் பொறாமையே எனச் சொல்வதும் நீதியன்று. ஆரம்பகால வில்லைகள் சில இடம்பெயர்ந்தன, சில கண்கள் அழன்றன. ஆயினும் குறையைத் திருத்துவதற்கு உழைத்தவர் சிலர். குறையைக் காட்டிக் கதவை அடைத்தவர் பலர். சோவியத் நாட்டில் 1960 ஆம் ஆண்டிற் செபோக்சாரி நகரில் இளம் வைத்தியர் பியோதரவ் முதன்முதலாகச் செயற்கை வில்லை பொருத்தியபோதும் அவ்வாறே நடந்தது; அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பத்திரிகையாளர் ஒருவர் அவருக்காக எழுதவேண்டி வந்தது. அதே பியோதரவ் பின்னர் கண்ணின் அளவுகளைக் கொண்டு வில்லையின் வலுவைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை 1967 இல் வெளியிட்டார். அதிகார பீடம் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும், புதியதைக் கண்டு முதலில் முகஞ்சுளிக்கின்றது. இதனை இடதுசாரிகளாகிய நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காலம் ரிட்லியை நிரூபித்தது. 1967 இல் அமெரிக்கரான கெல்மன், ஒலியதிர்வினாற் புரையைக் குழம்பாக்கிச் சிறு துளை வழியே உறிஞ்சும் முறையைக் கண்டார். மடித்துச் செலுத்தி உள்ளே விரியும் வில்லைகள் 1980 களில் வந்தன. 1981 இல் அமெரிக்க அரசு செயற்கை வில்லைக்கு முதன்முறையாக அங்கீகாரம் வழங்கிற்று. ரிட்லிக்கு 2000 ஆம் ஆண்டில் வீரர் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 93. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

விஞ்ஞானம் வென்றது. ஆனால் வில்லை யாரிடம் போய்ச் சேர்ந்தது? 1980 களில் ஒரு வில்லைக்கு நூறு டொலர் அளவில் விலை கேட்டார்கள். ஆசிய ஆபிரிக்கக் கிராமத்து மக்களுக்கு முகாம்களில் வில்லையை எடுத்துவிட்டுப் பழைய தடித்த கண்ணாடியே கொடுக்கப்பட்டது. ஒரே நோய்க்கு இரண்டு சிகிச்சைகள்: செல்வருக்கு வில்லை, ஏழைக்குப் போத்தல் அடி! ஏழை நாடுகளுக்கு வில்லை ஏற்றதன்று, அது செலவு மிக்கது என்று அறிஞர் சிலர் வாதித்தும் வந்தனர்.

இந்த வாதத்துக்கு விடை மதுரையிலிருந்து வந்தது. 1918 இல் வடமலாபுரம் என்னும் கிராமத்திற் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி, இளவயதிலேயே மூட்டுவாதத்தாற் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் வைத்தியரானவர். அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976 ஆம் ஆண்டில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுப்போரின் பணத்திலிருந்து கொடுக்க இயலாதோருக்கும் அதே சிகிச்சை என்பது அதன் முறை. வில்லையின் விலை தடையாக நின்றபோது, நன்கொடைக்குக் கையேந்தி நிற்காமல், வில்லையைத் தாமே செய்வோம் என்று துணிந்தனர். 1992 இல் ஔரோலாப் என்னும் தொழிற்சாலை எழுந்தது. நூறு டொலர் அளவில் விற்ற வில்லை பத்து டொலர் அளவுக்கு இறங்கிற்று. நேபாளத்தின் தில்கங்காவிலும், ஆபிரிக்காவின் எரித்திரியாவிலும், அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் பிரெட் ஹொலோஸ் கண்ட கனவின்படி 1990 களில் வில்லைத் தொழிற்சாலைகள் தோன்றின.

ஒரு பொருளைச் செய்வதற்கு ஆகும் செலவு வேறு. அதற்குக் கேட்கப்படும் விலை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிற்றான் கோடிக்கணக்கான கண்கள் இருண்டு கிடந்தன. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதனை ஒரு வில்லை விளக்கிவிட்டது.

இனிப் பல்குவிய வில்லைக்கு வருவோம். ரிட்லியின் வில்லைக்கு ஒரு குறை உண்டு: அது நெகிழாதது. ஒரு தூரத்துக்கு மாத்திரம் குவியும். தூரத்துக்கு அமைத்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். இக்குறையைத் தீர்க்க, ஒரே வில்லையில் இரண்டு குவியங்களை அமைக்கும் முயற்சி 1980 களிலே தொடங்கியது. 1997 இல் முதலாவது பல்குவிய வில்லைக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. தூரம், இடைத்தூரம், கிட்டம் என்னும் மூன்றுக்கும் உரிய முக்குவிய வில்லைகள் 2010 அளவில் ஐரோப்பாவிலும், 2019 இல் அமெரிக்காவிலும் வழக்குக்கு வந்தன. இவற்றுட் பலவற்றின் முகத்தில், ஒன்றினுள் ஒன்றாக மெல்லிய வளையங்கள் செதுக்கப்பட்டிருக்கும். அவ்வளையப் படிகளின் உயரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அவை உட்புகும் ஒளியைப் பிரித்து, ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் குவிக்கின்றன. மூளை தனக்கு வேண்டிய உருவத்தைத் தெரிந்து, மற்றதைப் புறக்கணிக்கப் பழகிக்கொள்ளுகின்றது. மனித புத்தியின் அழகிய சிருஷ்டி இது, ஐயமில்லை.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒளியைப் பங்கிட்டால் ஒவ்வொரு பங்கும் குறையத்தான் செய்யும். இருகுவிய வளைய வில்லையிற் பழைய வகையொன்றில், தூரத்துக்கு நூற்றுக்கு 41 பங்கு, கிட்டத்துக்கு 41 பங்கு, எஞ்சிய 18 பங்கு எதற்கும் பயன்படாமற் சிதறும். ஆகவே மங்கிய வெளிச்சத்தில், சாம்பல் நிறத்தின் மேற் சாம்பல் நிறத்தைப் பிரித்தறியும் ஆற்றல் குன்றும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்கள் தோன்றும். பெரும்பாலோர் சில மாதங்களிற் பழகிவிடுகின்றனர், சிலர் பழகுவதில்லை. நீரிழிவினால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண்ணழுத்த நோய் முற்றியவர்களுக்கும் இவ்வில்லை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கண்ணாடியின்றி வாசிக்கலாம் என்னும் நன்மை உண்மையானது. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்மையானது. அந்த விலையை நான் பணத்தை மாத்திரம் கருதிச் சொல்லவில்லை.

எங்கள் வாவியில் இரவில் விளக்கேந்தி மீன்பிடிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருட்டும் நீரும் கலக்கும் எல்லையை அறிவதே அவருடைய பிழைப்பு. விளக்கைச் சுற்றி வட்டம் காட்டும் வில்லை, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அவருக்கு நன்மையா? நாள் முழுவதும் ஏடும் எழுத்துமாக வாழ்ந்து, கண்ணாடி அணிய வெறுக்கும் ஒருவருக்கு அதே வில்லை பெரும் பேறாகலாம். விலைத்தாளோ இவ்வேறுபாட்டை அறியாது. அது மேலிருந்து கீழாக வில்லைகளை அடுக்கி, உயர்ந்த விலையே உயர்ந்த பார்வை என்று நம்மை நம்பவைக்கின்றது. பணம் இல்லாதவன் தன் தாய்க்கு இரண்டாந்தரக் கண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று இரவெல்லாம் புழுங்குகின்றான். நானும் புழுங்கினேன். சந்தையின் கொடுமை பணத்தைப் பறிப்பதோடு நிற்பதில்லை; மனச்சாட்சியையும் அது பறித்துவிடுகின்றது.

பெரியம்மாவின் கண்களுக்கு இறுதியில் அரச வைத்தியசாலை ஒன்றிலேயே சத்திர சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கிற் காத்திருந்தோம். காத்திருந்த காலத்தில் அவர் ஒரு முறை வாசற்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஆனால் அங்கிருந்த வைத்தியர் பெரியம்மாவிடம் முதலிற் கேட்ட கேள்வி, “நீங்க என்ன வேலை செய்யிற நீங்கள், அம்மா?” என்பது. பாய் இழைக்கிறது என்றதும், ஒரு கண்ணுக்குத் தூரத்தையும் மற்றக் கண்ணுக்குக் கையெட்டும் தூரத்தையும் கணித்து, சாதாரண ஒருகுவிய வில்லைகளையே பொருத்தினார். இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்க்க மூளை பழகிவிடுமாம். எல்லாருக்கும் இம்முறை ஒத்துவராது, பெரியம்மாவுக்கு ஒத்துவந்தது. நுண்ணிய வேலைக்கு மலிவான வாசிப்புக் கண்ணாடி ஒன்றும் போதுமாயிற்று. மூன்றாவது மாதம் அவர் பாய்க்குச் சாயம் போட்ட பன்னைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கேள்விக்கு விடை அதுவே.

அவ்விடை விலைத்தாளில் இருக்கவில்லை, “என்ன வேலை?” என்ற வினாவில் இருந்தது. மனிதனுடைய பணப்பையை அளந்து வில்லை தருவது வாணிபம். அவனுடைய உழைப்பை அறிந்து வில்லை தருவதே வைத்தியம்.

எங்கள் நாடு கண்ணைப் பற்றிய ஓர் உயர்ந்த மரபை உடையது. 1961 இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் மூலம், 1964 முதல் இலங்கையர் இறந்தபின் ஈந்த விழிவெண்படலங்கள் கடல் கடந்து பல நாட்டு மக்களுக்கு இலவசமாகச் சென்றிருக்கின்றன. விழிவெண்படலம் வேறு, வில்லை வேறு. ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. ஆனால் கேள்வி எழத்தான் செய்கின்றது. கண்ணையே தானமாக உலகுக்கு அளித்த மக்கள், ஒரு துண்டு பிளாத்திக்குக்காக நாள் குறித்துக் காத்திருப்பது என்ன நியாயம்? 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்தும் சத்திர சிகிச்சைப் பொருள்களும் தட்டுப்பட்டபோது, அவசரமற்றவை எனப்பட்ட சிகிச்சைகள் பின்போடப்பட்டன. பார்வை இழந்துகொண்டிருப்பவருக்கு அது அவசரமற்றதா என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. நேபாளம் செய்ததையும், கடலுக்கு அப்பால் மதுரை செய்ததையும் நமது பொதுத்துறை ஏன் செய்ய முயலக் கூடாது?

இன்னொன்றும் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திர சிகிச்சை நூலொன்றை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் 1867 இல் தமிழாக்கி வெளியிட்டார். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், ஒருகுவிய வில்லைக்கும் பல்குவிய வில்லைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த்தாள் எங்கள் கையில் அன்று இருக்கவில்லை. விலைத்தாள் மாத்திரம் இருந்தது. ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் குவிவில்லை, குழிவில்லை என்று கரும்பலகையில் வரைகின்றோம். அந்தக் கோடுகள் மாணவரின் பாட்டியின் கண்வரை நீள்கின்றன என்று சொல்லிக்கொடுத்திருக்கின்றோமா?

முன்னர் குறித்த 82.6 கோடி மக்களை மீண்டும் நினைப்போம். அவர்களுக்கு வேண்டியது முக்குவிய வில்லையன்று. சில நூறு ரூபா பெறுமதியான வாசிப்புக் கண்ணாடி. விஞ்ஞானம் வளையங்களை எவ்வளவு நுண்மையாகச் செதுக்கினும் செதுக்கட்டும், அதனை வரவேற்போம். ஆனால் உரிய காலத்திற் சிகிச்சை, தடையின்றி ஒரு வில்லை, தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி, தாய்மொழியில் ஒரு விளக்கம் ஆகிய நான்கும் சலுகையல்ல, உரிமை என்று நிலைநாட்டும் வரை, ரிட்லி தொடங்கிய சத்திர சிகிச்சை முடிவுபெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் பெரியம்மாவுடன் மீண்டும் வாவிக்கரைக்குப் போனேன். படுவான்கரையை நெடுநேரம் பார்த்து நின்றார். பின்னர், “அந்தக் கரையில ஆரோ மாடு சாய்ச்சுக்கொண்டு போறாங்கள்” என்றார். நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து அணிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.